நாணயம் தேட எளிய கருவியே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் மெட்டல் டிடெக்டர் வைத்துப் பழைய நாணயம் தேடும் பொழுதுபோக்கைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆர்வத்தோடு எழுதியிருந்தார்கள், எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்லும் இடத்தில், எது அதிக ஆழம் போகிறதோ அதை வாங்குங்கள், எதில் வசதிகள் அதிகமோ அதுவே சிறந்தது என்கிற மாதிரி இரண்டு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. 11 வருடமாக இந்தக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைகிறவன் நான். புதிதாக வருகிற ஒருவர் அந்த இரண்டு வரியை நம்பிக் கடைக்குப் போனால், ஆறே மாதத்தில் கருவி பரணுக்குப் போய்விடும்.

என் முதல் கருவிக்கு அதுதான் நடந்தது. பெட்டியில் பெரிய எழுத்தில் ஆழம் போட்டிருந்தது, திரைக்குள் போனால் மெனுவுக்குள் மெனு. எந்த நிலத்துக்கு எந்த செட்டிங் என்று கையேட்டைப் புரட்டிப் புரட்டியே பொழுது போகும். ஒரு சத்தம் வரும், அது நாணயமா ஆணியா என்று முடிவு செய்வதற்குள் ஏதாவது ஒரு செட்டிங்கை மாற்றுவேன், மாற்றியதும் அதே இடத்தில் வேறு சத்தம் வரும். ஒரு வருடம் இப்படியே போனது. கருவி கெட்ட கருவி இல்லை, பழகியவர் கையில் அது நன்றாகவே வேலை செய்திருக்கும். நான் அதன் பேச்சைக் கற்றுக்கொள்ள அது எனக்கு இடம் தரவில்லை, அவ்வளவுதான். அப்புறம் நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய கருவியைக் கொடுத்துப் பார்த்தார். அதில் திரை கிடையாது, திருகுவதற்கு ஒரே ஒரு குமிழ். முதல் நாளே ஐந்து நாணயம் எடுத்தேன். நான் ஒரு வருடம் நடந்து நடந்து பார்த்த அதே புல்தரையில்!

ஆழம் என்ற எண்ணின் மேல் ஏன் இவ்வளவு மயக்கம் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். நாம் வாங்கக்கூடிய கருவிகளில் பெரும்பாலானவை வி.எல்.எஃப்., அதாவது மிகத் தாழ்ந்த அதிர்வெண் வகை. கருவியின் அடியில் இருக்கும் வட்டமான காயில் (கம்பிச்சுருள்) ஒன்று நிலத்துக்குள் காந்த அலையை அனுப்புகிறது, அந்த அலை உள்ளே இருக்கும் உலோகத்தில் சிறு மின்னோட்டத்தைக் கிளப்புகிறது, அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்த அலையைத் திருப்பி அனுப்ப, இன்னொரு காயில் அதைப் பிடிக்கிறது. போகும்போதும் அலை மெலிகிறது, வரும்போதும் மெலிகிறது. காயிலின் அகலத்தைத் தாண்டி நாணயம் கீழே போய்விட்டால், தூரம் இரண்டு மடங்கானதும் திரும்பி வரும் சிக்னல் பாதியாகக் குறைவதில்லை, ஏறக்குறைய 64-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அதனால்தான் எவ்வளவு உயர்ந்த கருவியானாலும் ஒற்றை நாணயத்தைத் தேடும்போது சாதாரண நல்ல கருவியைவிடச் சில சென்டிமீட்டர்தான் கூடுதலாகப் போக முடிகிறது. நான் எடுத்த நாணயங்களில் பெரும்பாலானவை ஒரு சாண் ஆழத்துக்குள்ளே கிடந்தவை. அந்த ஒரு சாணுக்குள்ளேயே நாம் காலால் மிதித்துக் கடந்து போகிற நாணயங்கள் எத்தனையோ. அவை ஆழத்தில் இருப்பதால் தப்பவில்லை, குப்பைக்குப் பக்கத்தில் இருப்பதால் தப்புகின்றன.

இது புதிய செய்தியும் இல்லை. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடம்புக்குள் இருந்த குண்டு எங்கே என்று தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் தானே செய்த ஒரு கருவியைக் கொண்டுபோனார். கருவி வேலை செய்கிற கருவிதான். ஆனால் படுக்கையில் இருந்த உலோக ஸ்பிரிங்குகள் குழப்பிவிட்டதால் குண்டைக் காட்டிக்கொடுக்க முடியவில்லை என்று சொல்லப்படுகிறது. இன்றைக்கு ஒரு பூங்காவில் துருப்பிடித்த ஆணிக்கும் சோடா மூடிக்கும் நடுவில் கிடக்கும் வெள்ளி நாணயத்தைத் தேடுகிறவருக்கும் அதே சங்கடம்தான்.

அதனால் கடைக்குப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கருவி ஒரு பொருளைச் சொல்லி முடித்துவிட்டு அடுத்த பொருளைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது. மெதுவான கருவி ஆணியைப் பார்த்ததும் ஒரு கணம் ஊமையாகிவிடும், அந்தக் கணத்தில் காயில் நாணயத்தைத் தாண்டிப் போய்விடும். வேகமான கருவி ஆணிக்கு ஒரு முனகல், நாணயத்துக்கு ஒரு கணீர் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லும். இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். ஒரு பழைய இரும்பு ஆணியையும் ஒரு நாணயத்தையும் மேசை மேல் (மரமேசையாக இருக்கட்டும், உள்ளே இரும்புச் சட்டம் இல்லாததாகப் பார்த்து) நாலு விரல் இடைவெளி விட்டு வைத்து, காயிலை அவற்றுக்குச் சற்று மேலே பிடித்து இடமும் வலமுமாக வீசச் சொல்லுங்கள். இரண்டு சத்தமும் பிரிந்து கேட்டால் நல்லது. ஒட்டிக் குழைந்து கேட்டால் பெட்டியில் என்ன ஆழம் போட்டிருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது, சத்தமே. நாணயம் தேடுவது கண்ணால் செய்யும் வேலை என்று புதியவர்கள் நினைக்கிறார்கள், திரையில் எண் வரும், எண்ணைப் பார்த்துத் தோண்டலாம் என்று. எண் உதவும், இல்லை என்று சொல்லவில்லை. பல கருவிகளில் 0 முதல் 99 வரை ஓர் எண் வரும், இரும்பு கீழே, செம்பும் வெள்ளியும் மேலே. நல்ல கடத்தியில் திரும்பி வரும் அலை கூடுதலாகப் பின்தங்குகிறது, அந்தப் பின்தங்கலை அளந்துதான் கருவி அந்த எண்ணைப் போடுகிறது. ஆனால் அது அளப்பது உலோகத்தின் பெயரை அல்ல. பொருளின் கடத்துதிறன், கனம், அளவு, அது படுத்திருக்கும் கோணம் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண். நாணயம் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தால் சிக்னல் மெலிந்து எண் தடுமாறும். துருப்பிடித்த சோடா மூடி வெள்ளிக்குப் பக்கத்து எண்ணைக் காட்டி ஏமாற்றும். காது பழகிவிட்டால் அந்த மூடியின் சத்தத்தில் ஓரங்களில் ஒரு பிசிறு இருப்பது தெரியும், நாணயத்தின் சத்தம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வட்டமாக வரும். இந்தப் பழக்கத்தை எந்தத் திரையும் கற்றுத் தராது. அதனால்தான் நான் மூன்று அல்லது நான்கு தொனிகள் மட்டும் உள்ள, அந்தத் தொனிகள் ஒன்றோடொன்று கலக்காத கருவியைச் சொல்கிறேன்.

நாணயங்களே மாறிவிட்டன என்பதையும் உங்கள் கட்டுரையாளர் சொல்லியிருக்க வேண்டும். நாணயம் என்றால் செம்பும் வெள்ளியும் என்று நினைத்துக்கொண்டு இரும்பு அத்தனையையும் டிஸ்கிரிமினேஷனில் (வேண்டாத உலோகத்துக்குச் சத்தம் வராமல் தடுக்கும் வசதி) அடைத்துவிடுகிறவர்கள் நிறைய பேர். பிரிட்டனில் 1992 முதல் 1 பென்னியும் 2 பென்ஸும் செம்பு முலாம் பூசிய எஃகில் வருகின்றன, யூரோவின் 1, 2, 5 சென்ட் நாணயங்களும் அப்படியே. இவை ஒரு கருவியில் இரும்பு மாதிரி முனகும், இன்னொன்றில் எண் மேலும் கீழும் குதிக்கும். அமெரிக்காவில் ஒரு சென்ட் நாணயம் 1982-ல் செம்பிலிருந்து துத்தநாகத்துக்கு மாறியது, மேலே மெல்லிய செம்புத் தோல் மட்டும்தான். அதனால் ஒரே சென்ட்டுக்கு ஆண்டைப் பொறுத்து இரண்டு எண். அவர்களுடைய 5 சென்ட்டில் 75 விழுக்காடு செம்பும் 25 விழுக்காடு நிக்கலும் இருந்தும், அது அலுமினிய டின்னைத் திறக்கிற வளையத்துக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தங்க மோதிரமும் அந்த வட்டாரத்தில்தான். வளையத்தை அடைத்தால் மோதிரமும் அடைபடும். ஆகவே எந்த நாட்டில் எந்தக் காலத்து நாணயத்தைத் தேடுகிறீர்களோ, அந்த நாணயத்தில் இரண்டு மூன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கருவியின் முன்னால் காட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரும்புத் தாது மிகுந்த சிவந்த மண்ணும் கறுத்த மணலும் தாங்களே உலோகம் போலச் சத்தம் எழுப்பும், அந்தச் சத்தத்தைக் கழித்துவிடுவதுதான் கிரவுண்ட் பேலன்ஸ். சாதாரணத் தோட்ட மண்ணில் தொழிற்சாலையில் வைத்தபடியே போதும். மண் கடுமையானது என்றால் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு காயிலை மேலும் கீழும் நாலு தடவை ஆட்டினால் தானே சரிசெய்துகொள்ளும் கருவியாகப் பாருங்கள். உப்புநீரில் நனைந்த கடல் மணல் வேறு கதை. அங்கே ஒற்றை அதிர்வெண் கருவி கத்திக்கொண்டே இருக்கும், ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பும் கருவிகள் அடங்கி வேலை செய்யும். கடற்கரைக்கே போகாதவர் அதற்காகக் கூடுதல் செலவு செய்யத் தேவையில்லை.

அதிர்வெண் பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசுகின்றன. சுருக்கமாக, தாழ்ந்த அதிர்வெண் பெரிய செம்பு, வெள்ளி நாணயங்களுக்கு ஒத்துப்போகும், உயர்ந்தது மெல்லிய, சிறிய பொருள்களுக்கு. 6-லிருந்து 15 கிலோஹெர்ட்ஸுக்குள் எது இருந்தாலும் நாணயத்துக்குக் குறை வராது.

எடையைத்தான் யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுவும் அதே அளவுக்கு முக்கியம். மூன்று மணி நேரம் ஒரே கையில் பிடித்து வீச வேண்டிய பொருள் இது. முன்பக்கம் கனத்த கருவியாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் முழங்கை வலிக்கும், வலித்ததும் வீச்சின் இரண்டு ஓரத்திலும் நம்மை அறியாமல் காயில் மேலே தூக்கிக்கொள்ளும். தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தூக்கிக்கொண்டால் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தை இழந்தோம் என்று பொருள். பெட்டியில் போட்டிருந்த அந்தக் கூடுதல் ஆழம் இங்கேயே போய்விட்டது. வாங்கும் முன் கையில் பிடித்துப் பத்து நிமிடம் வீசிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

இப்போது பெயர் சொல்லாமல் போனால் கடிதம் முழுமையாகாது. எளிமை என்றால் என்ன என்று எனக்குக் காட்டிய அந்த ஒற்றைக் குமிழ் கருவி டெசோரோ நிறுவனத்தின் கம்பாத்ரே. 12 கிலோஹெர்ட்ஸ், ஒரு 9 வோல்ட் பேட்டரி, திரை இல்லை. அந்த நிறுவனம் 2018-ல் மூடப்பட்டுவிட்டது, அதனால் இனிப் பழையதாகக் கிடைத்தால்தான் உண்டு. புதிதாக வாங்குகிறவருக்கு காரெட் ஏஸ் 300 நல்ல தொடக்கம், 8 கிலோஹெர்ட்ஸ், கையேட்டை ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம். மைன்லேப் வான்குவிஷ் 340-ல் நாணயம், நகை, எல்லா உலோகமும் என்று மூன்றே முறைகள், பல அதிர்வெண்ணும் உண்டு, கடற்கரைக்கும் போகிறவர் இதைப் பார்க்கலாம். நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 12 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும், 3 மீட்டர் தண்ணீருக்குள்ளும் இறங்கும், கிரவுண்ட் பேலன்ஸை நாமே பிடித்துக்கொள்ளலாம். மூன்றில் எனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டால், மண் சாதுவாக இருக்கும் இடத்தில் தேடுகிறவருக்குக் காரெட், மண் முரடாக இருந்தால் சிம்ப்ளெக்ஸ். எதை வாங்கினாலும் ஒரு வருடம் அதை மாற்றாதீர்கள்.

காயில் பற்றி ஒன்று. பெரிய காயில் அதிக நிலத்தை மூடும், கொஞ்சம் ஆழமும் போகும், ஆனால் குப்பை நிறைந்த இடத்தில் ஒரே வீச்சுக்குள் நாலு பொருள் விழுந்து எல்லாம் குழம்பும். அங்கே உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய சிறு காயில்தான் நண்பன். போன மழைக்குப் பிறகு, பலரும் தேடித் தேடி ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்ட ஒரு பழைய ஆலமரத்தடியில் சிறு காயிலோடு போனேன். வேர்ப் பள்ளத்துக்குப் பக்கத்தில் இரும்பு முனகல், முனகலின் வாலில் ஒரு சிட்டிகை அளவுக்குக் கணீர் என்று ஏதோ வெட்டுப்பட்டுக் கேட்டது. அதே இடத்தில் நின்றபடி கால் வட்டம் திரும்பி மறுபடி வீசினேன். இந்தத் திசையில் கணீர் முழுதாக வந்தது, முனகல் பின்னால் போய்விட்டது. சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனைக் குறைத்தேன், அப்போதும் அந்தக் கணீர் மறையவில்லை. புல்லை மூன்று பக்கம் வெட்டி மூடி போலத் திறந்து, பின்பாயின்டரை (குழிக்குள் விட்டு இடத்தைத் துல்லியமாகக் காட்டும் சிறு கைக்கருவி) உள்ளே விட்டால் பக்கவாட்டுச் சுவரில் துடித்தது. விரலால் மண்ணைத் தள்ள, வளைந்த ஒரு ஆணி, அதற்குக் கட்டைவிரல் அகலம் தள்ளிப் பச்சைக் களிம்பு பிடித்த ஒரு செம்பு வட்டம். ஆழம் அளந்தேன், பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். எத்தனை பேருடைய காயில் அதன் மேல் போய் வந்திருக்கும்! அதைத் தேய்க்காமல், அப்படியே ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தேன். மண்ணோடு தேய்த்தால் எழுத்து போய்விடும், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், எடுத்த இடத்தில் யாரும் நாணயத்தை விரலால் தேய்க்காதீர்கள்.

பின்பாயின்டர், ஹெட்போன் இரண்டும் கருவியோடு சேர்த்தே வாங்க வேண்டியவை. காற்றும் வண்டிச் சத்தமும் இருக்கும் இடத்தில் அந்த வெட்டுப்பட்ட சிறு சத்தம் ஹெட்போன் இல்லாமல் கேட்காது. பின்பாயின்டர் இல்லாவிட்டால் கைப்பிடி அளவு குழி தோண்ட வேண்டிய இடத்தில் வாளி அளவுக்குத் தோண்டுவோம், நாணயத்தின் மேலேயே கொத்தும் விழும். விலை உயர்ந்த கருவி ஒன்றை மட்டும் வாங்குவதைவிட, நடுத்தரக் கருவியும் இந்த இரண்டும் சேர்த்து வாங்கினால் அதிக நாணயம் கிடைக்கும், இது என் அனுபவம்.

வாங்கிய பிறகு வீட்டுத் தோட்டத்தில் ஒரு மூலையை ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஒரு நாணயத்தை 10 சென்டிமீட்டரில், ஒன்றை 15-ல், ஒன்றைச் செங்குத்தாக, ஒன்றை ஆணியோடு சேர்த்துப் புதைத்து, எது எங்கே என்று எழுதி வைத்துவிட்டு தினமும் கால் மணி நேரம் அதன் மேல் வீசிக் கேளுங்கள். ஒரு மாதத்தில் காது திறந்துகொள்ளும்.

நில உரிமையாளரைக் கேட்காமல் கருவியை இறக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடங்களில் இறக்கவே கூடாது, புதையல் பற்றிய சட்டம் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதம் என்பதால் முதலில் அதைப் படித்துக்கொள்ள வேண்டும். எடுத்த குழியை மூடாமல் வருகிறவரால்தான் பூங்காக்கள் நமக்கெல்லாம் கதவைச் சாத்துகின்றன. இங்கிலாந்தில் 1992 நவம்பரில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் எரிக் லாஸ் என்பவர் நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போய், ரோமானியர் காலத்துத் தங்க, வெள்ளி நாணயங்களின் பெருங்குவியலைக் கண்டார். அவர் கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டுத் தகவல் கொடுத்தார். அதனால் தொல்லியலாளர்கள் மீதியை அது இருந்த ஒழுங்கு கலையாமல் எடுக்க முடிந்தது. மொத்தம் ஏறக்குறைய 15,000 நாணயங்கள். அந்தச் சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

கடைசியாக ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அதே ஞாயிறு இணைப்பில், கட்டுரைக்கு இரண்டு பக்கம் தள்ளி, கையில் பிடித்தால் ஆண்டெனா தானே திரும்பித் தங்கம் இருக்கும் திசையைக் காட்டும், பல மீட்டர் ஆழம் போகும் என்று ஒரு விளம்பரம். அப்படி ஒரு கருவி கிடையாது. இதே மாதிரி ஆண்டெனா ஆட்டத்தைத்தான் ஏ.டி.ஈ. 651 என்ற பெயரில் வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக்குக்கு விற்றார்கள், விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் 2013-ல் லண்டனில் பத்து ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். உங்கள் பத்திரிகையில் வந்துவிட்டது என்பதாலேயே நம்பிப் பணம் கட்டுகிற வாசகர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரே அப்படி ஒரு கருவி வாங்கி ஏமாந்து நிற்கிறார். அந்த விளம்பரத்தை இனிமேல் போடாதீர்கள். அந்த இடத்தில் ஒரு வாரமாவது, நாணயம் கிடைத்தால் யாரிடம் எப்படித் தெரிவிப்பது என்பதை வெளியிடுங்கள், அதற்குத் தேவையான குறிப்புகளை எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்